முதலில் ஓத அட்டவணை, பிறகு டிக்கெட்

கேள்வி: நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. கடற்பறவைகளையும் கடலோரக் காட்சிகளையும் ஒரே பயணத்தில் படம் எடுக்க ஆசை. 100-400 மி.மீ. ஜூம் லென்ஸும் ஒரு அகலக்கோண லென்ஸும் இருக்கின்றன. எப்போது போகலாம், ஒவ்வொரு நாளையும் எப்படித் திட்டமிடலாம்?

பதில்: உங்களிடம் இருக்கும் லென்ஸ்களே போதும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். டிக்கெட் எடுப்பதற்கு முன், போகப்போகும் கரையில் கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை ஒருமுறை பாருங்கள். விடுமுறையையும் வானிலையையும் பார்ப்பவர்கள்கூடப் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று விடியலில் வற்றியிருக்கும் கரை, ஒரு வாரம் கழித்து அதே விடியலில் நிறைந்து நிற்கும். அந்த ஒரு வாரத்தில் உங்கள் படங்களே மாறிவிடும்.

விடியும் நேரத்தில் கடல் நன்றாக வற்றியிருக்கும் நாள்களைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் ஐந்து மணிக்கு வற்றினால், நான்காம் நாள் ஏழரைக்கு வற்றும். நான்கு காலையும் பயன்படும். சூரியன் எழும்போது வெளிப்பட்ட பாறைகளும், வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும் ஈரமணலும் அகலக்கோண லென்ஸுக்கு. டிரைபாடில் வைத்து அரை விநாடி ஷட்டரில் எடுத்தால், பின்வாங்கும் அலை மணலில் வெள்ளைக் கோடுகளாக விழும். அதன்பின் தண்ணீர் ஏறத் தொடங்கும். தூரத்துச் சேற்றில் இரை தேடிய உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகளை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் பறவையைத் தேடி நடக்காமல், ஒரு இடத்தில் தாழ்வாக அமர்ந்திருந்தாலே போதும். இந்தப் பொறுமைதான் பறவைப் படத்தின் பாதி வேலை என்பேன்.

எங்கே அமர்வது என்பதைக் காற்று சொல்லும். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப்பக்கமிருந்து வந்தால், இறங்கும் பறவையின் முகம் உங்களை நோக்கி, வெளிச்சத்தோடு இருக்கும்.

ஆலா (tern) என்னும் கடற்பறவைகளைக் கவனியுங்கள். பாய்வதற்கு முன் ஆலா ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும். அலகு நேராகக் கீழே குனிந்திருக்கும். ஃபோகஸைப் பிடிக்க அந்தக் கணம்தான் வாய்ப்பு. ஷட்டர் வேகம் 1/2000 விநாடிக்குக் குறைய வேண்டாம், ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏறினால் ஏறட்டும், படத்தில் வரும் புள்ளிகளைப் பின்னர் குறைக்கலாம், கலங்கிய சிறகைச் சரிசெய்ய முடியாது. கருநீலக் கடல் பின்னணியில் வெள்ளைப் பறவை வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் ஸ்டாப் (முக்கால் படி) அளவு குறையுங்கள். வெளிறிய வானம் பின்னணியானால் அதே பறவை கறுத்துவிடும், அப்போது கூட்டுங்கள்.

பருவத்தை முடிவுசெய்வது நீங்கள் தேடும் பறவை. பஃபின் போன்ற கடற்பறவைகள் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே கரையேறும். மற்ற மாதங்களில் நடுக்கடலில் இருக்கும். உள்ளான்களுக்கோ வலசைக் காலமும் குளிர்காலமும் ஏற்றவை.

இதை மட்டும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடும். புள்ளி விழுந்த முட்டை மணலோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. தலைக்கு மேல் பறவைகள் கத்திக்கொண்டு வட்டமிட்டால், பாய்ந்து விரட்டினால், நீங்கள் கூட்டுக்கருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த தடத்திலேயே உடனே திரும்பிவிடுங்கள். தாய்ப்பறவை எழுந்துபோன சில நிமிடங்களிலேயே வெயில் முட்டையைக் கெடுத்துவிடக்கூடும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் அதிகம் வற்றும், அதே அளவு வேகமாக ஏறவும் செய்யும். பாறைத் திட்டுக்குப் போகுமுன் திரும்பும் வழி எந்நேரம் மூழ்கும் என்று கரைக்காரர்களிடம் கேளுங்கள். அலைக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்.

காற்று வீசும் கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரலே கீறிவிடும். டிரைபாட் கால்களைக் கழற்றி அலசி, நிழலில் உலர்த்துங்கள்.