மே மாதத்து ஆல்ப்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் எட்டு நாள் ஸ்விட்சர்லாந்து செல்ல எண்ணியிருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. சூரிச், லூசெர்ன், இன்டர்லாகன், செர்மாட், ஜெனீவா என ஐந்து ஊர்களில் தங்கி, டிட்லிஸ், யுங்ஃப்ராவ்யோக் ஆகிய இரண்டு பனிமலைகளுக்கும் செல்லும்படி பயண முகவர் திட்டம் போட்டுத் தந்திருக்கிறார். சிறு பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஒத்துவராது என்பதே என் கருத்து. எட்டு நாளில் ஐந்து விடுதிகள் என்றால் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே பாதிப் பொழுது போய்விடும். அந்தத் திட்டத்தைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, மலையில் ஒரே ஊரில் ஆறு இரவுகள், விமானம் ஏறுவதற்கு முன் சூரிச்சில் ஓர் இரவு என்று புதிதாகப் போட்டுவிடுங்கள். நான் சொல்லும் ஊர் இன்டர்லாகனுக்கு அருகே பள்ளத்தாக்கில் உள்ள லாட்டர்புருன்னென், அல்லது அதற்கு மேலே பல்சக்கர ரயிலில் சென்றடையக்கூடிய வெங்கன். வெங்கனுக்குள் வெளியூர்க் கார்கள் வர வழியில்லை என்பதால் பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கலாம். பெற்றோருக்கு அதுவே பாதி விடுமுறை. (நம் மேட்டுப்பாளையம் ரயிலின் பல்சக்கர முறையும் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர் உருவாக்கியதுதான் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.)

முகவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நம் கோடை விடுமுறையும் ஆல்ப்ஸின் கோடையும் ஒரே காலத்தில் வருவதில்லை. மே மாதத்தில் 2,000 மீட்டருக்கு மேலுள்ள நடைபாதைகள் பலவற்றில் பனி கிடக்கும். குளிர்காலக் கூட்டம் போய்க் கோடைக்கூட்டம் வருவதற்குள் கேபிள் கார்கள் பலவற்றைப் பராமரிப்புக்காக நிறுத்தியும் வைத்திருப்பார்கள். ஆகவே எது எந்தத் தேதியில் திறக்கிறது என்று அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகே விமானச்சீட்டு எடுங்கள். முடிந்தால் மாதக் கடைசியில் செல்லுங்கள். அதற்காக மே மாதத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். பனி உருகும் காலமாதலால், லாட்டர்புருன்னெனுக்குப் பின்னால் ஏறக்குறைய 300 மீட்டர் உயரப் பாறையிலிருந்து விழும் ஷ்டௌப்பாக் அருவி நிறைந்து விழும். காற்றடித்தால் பாதி வழியிலேயே புகையாகச் சிதறி, கீழே நிற்பவர்களின் முகத்தை நனைக்கும். பாறைக்குள் குடைந்து பாயும் ட்ரும்மல்பாக் அருவியும் அருகில்தான் இருக்கிறது. அங்கே நான்கு வயது நிரம்பாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுகூட நுழைய முடியாது என்பதால், நீங்களும் கணவரும் முறைவைத்துக்கொண்டு மகளை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

இனி பனிமலை. யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது; தொட்டபெட்டாவே 2,637தான். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறினால் பெரியவர்களுக்கே தலை கனக்கும். மகளால் தலை வலிக்கிறது என்று சொல்ல முடியும்; மகன் காரணம் புரியாமல் சிணுங்குவான், அவ்வளவுதான். புறப்படும் முன் குழந்தை மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். சென்றால் இரண்டு மூன்று நாள் கீழே தங்கிய பிறகு, ஒரு மலைக்கு மட்டும் செல்லுங்கள், டிட்லிஸை விட்டுவிடலாம். மேலே நெடுநேரம் நிற்க வேண்டாம். பிள்ளை சோர்ந்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள். அன்று காலை மலையுச்சி நேரலைக் காட்சியைப் பார்த்து, மேகம் மூடியிருந்தால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். என்னைக் கேட்டால், வெங்கனிலிருந்து கேபிள் காரில் ஏறும் மென்லிஷென் போதும். ஏறக்குறைய ஊட்டியின் உயரம்தான்; எதிரே ஐகர் மலை முழுதாகத் தெரியும், பிள்ளைகள் ஏறி விளையாடப் பெரிய மர மாடு ஒன்றும் இருக்கிறது. அந்தக் கேபிள் காரும் பெரும்பாலும் மே இறுதியில்தான் திறக்கும். கேபிள் காரில் இறங்கும்போது காது அடைக்குமாதலால் மகனுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டிருங்கள்.

சமையலறையுள்ள வீடாகப் பாருங்கள். அரிசி, பருப்பு, பொடி வகைகளை எடுத்துச் செல்லலாம். நெய், பால் இனிப்பு, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள்.

ரயிலில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டான ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கினால், அதனுடன் இலவசமாகக் கிடைக்கும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள். உங்களோடு வரும்போது மகளுக்கும் சீட்டு வேண்டாம்.

ஸ்விட்சர்லாந்து உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் விசா விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு கிடைப்பது அரிது என்பதால் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும். மகனுக்குக் கட்டணம் இல்லை, இருவருக்கும் கைரேகை எடுக்க மாட்டார்கள்.