சிங்கப்பூர் வேறுபடும் இடம் வீடுதான்

"ஹாங்காங், தைவான், தென்கொரியாவோடு ஒப்பிட்டால் சிங்கப்பூரின் பொருளாதார, சமூகக் கொள்கைகள் எந்த விதத்தில் வேறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொழில் வளர்ச்சியில் இருக்கும் வித்தியாசம் பலருக்கும் தெரிந்ததுதான். தென்கொரியா சாம்சங், ஹூண்டாய் போன்ற உள்ளூர்க் குடும்பக் குழுமங்களை வளர்த்துவிட்டது. தைவானைத் தூக்கி நிறுத்தியவை சிறு, நடுத்தர ஆலைகள். சிங்கப்பூர் வெளிநாட்டு நிறுவனங்களை ஜூரோங் தொழிற்பேட்டைக்கு அழைத்து வந்தது. ஆனால் சாதாரணக் குடும்பங்களின் வாழ்க்கையை மாற்றியது அதைவிட வீடும், தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டாயமாகப் போடும் சேமநிதியும்தான் என்பது என் கருத்து.

1953 டிசம்பரில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். 1961 மே மாதம் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ கம்பம் (குடிசைக் கிராமம்) எரிந்து சுமார் 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு அரசுகளுமே அடுக்குமாடிகளைக் கட்டின. ஹாங்காங் பெரும்பாலும் வாடகைக்குக் கொடுத்தது. சொந்த வீட்டுத் திட்டம் அங்கே எழுபதுகளின் பிற்பாதியில்தான் வந்தது, அதுவும் சிறிய அளவில். சிங்கப்பூரோ 1964இலேயே வீட்டை விற்க ஆரம்பித்தது. 1966இல் வந்த நில எடுப்புச் சட்டம் அரசுக்குக் குறைந்த விலையில் நிலம் கிடைக்க வழி செய்தது. 1968இல் மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்த அனுமதித்தார்கள். சொந்த வீடு இருப்பவன்தான் நாட்டைக் காக்க முன்வருவான் என்பது அன்றைய பிரதமர் லீ குவான் இயூவின் வெளிப்படையான நம்பிக்கை.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா 1979இல் அங் மோ கியோவில் மூன்றறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கினார். தவணை முழுக்கச் சேமநிதியிலிருந்தே போனது, சம்பளக் கவரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஹாங்காங்கில் கட்டாய ஓய்வூதிய நிதி வந்ததே 2000 டிசம்பரில்தான். தொழிலாளி 5, முதலாளி 5 விழுக்காடு. அதை வீட்டுக்கு எடுக்க முடியாது. இங்கே 1984இல் இருவர் பங்கும் தலா 25 விழுக்காடு, இப்போது 55 வயது வரை தொழிலாளி 20, முதலாளி 17.

அந்த விகிதத்தையே பொருளாதாரக் கருவியாகவும் அரசு பயன்படுத்தியது. 1985 பொருளாதார மந்தத்துக்குப் பிறகு, 1986இல் முதலாளியின் பங்கு 25இலிருந்து 10 ஆகக் குறைந்தது. கைக்கு வரும் சம்பளம் அப்படியே இருந்தது, நிறுவனத்தின் செலவு மட்டும் இறங்கியது. தொழிற்சங்கமும் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே தென்கொரியா பெரிய வேலைநிறுத்த அலையைக் கண்டது, 1988இல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் வந்தது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் சிங்கப்பூரில் இன்றும் கிடையாது. துப்புரவு போன்ற சில துறைகளுக்கு மட்டும் திறனுக்கேற்ப உயரும் குறைந்தபட்சச் சம்பளப் படிநிலை வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் சுமையை இன்னொருவர் பகிர்வதிலும் வேறுபாடு தெரியும். தைவான் 1995இல் எல்லோருக்கும் ஒரே மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 1984இல் ஆரம்பித்த மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு அவரவர் கணக்கு. எல்லோரையும் சேர்க்கும் காப்பீடான மெடிஷீல்ட் லைஃப் 2015இல்தான் வந்தது.

இதன் நல்ல பக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இங்கே குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீவக வீட்டில் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு அது சொந்த வீடு. 99 ஆண்டுக் குத்தகைதான் என்றாலும் வாடகை ஏறுமோ, காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயமில்லாமல் நான் படித்தேன். அப்புறம் 1989இல் வந்த இன ஒதுக்கீடு, அதாவது ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. அதனால் ஒரே புளோக்கில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் இருக்கிறோம். ஆனால் ஒரு புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், அங்குள்ள தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குபவர்கள் குறைவதால் விலையும் குறைகிறது. இந்தச் சுமை சிறுபான்மையினர் மேல்தான் அதிகம் விழுகிறது, அது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

என் மனதை அதிகம் உறுத்துவது வேறொன்று. சம்பளத்தோடு கட்டப்பட்ட திட்டம் இது. சம்பளம் வாங்காதவருக்கு இதில் என்ன இருக்கிறது? அம்மா நாலு பிள்ளைகளை வளர்த்தார், வெளியே வேலைக்குப் போகவில்லை. அப்பா போன பிறகு வீடு அவருக்கு வந்தது, ஆனால் அவருடைய ஓய்வுக்காலக் கணக்கில் எதுவும் இல்லை. 2021இல், சேமிப்பு குறைவாக உள்ளவர் கணக்கில் குடும்பத்தார் ரொக்கம் போட்டால் அரசும் ஈடாகப் போடும் திட்டம் வந்தது. அம்மா அப்போதே எழுபது வயது வரம்பைத் தாண்டியிருந்தார். 2025இல் அந்த வரம்பை நீக்கி, அரசின் பங்கை ஆண்டுக்கு 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை உயர்த்தினார்கள். அந்த ஜனவரியில்தான் நானும் தம்பியும் அம்மா கணக்கில் முதல்முறையாகப் பணம் போட்டோம்.