பூட்டு எந்தக் கதவுக்கு?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பவர்களுக்காக ஆறு ஆண்டுகளாக ஓர் இணையக் குழுவை நடத்திவருகிறேன். உறுப்பினர்கள் 11,000 பேர். எல்லாமே இலவசம். சர்வர் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இதுவரை என் கைக்காசுதான். குழுவில் ஒழுங்கைக் கவனித்துக்கொள்ளும் மட்டுறுத்துநர்கள் மூவரும் ஊதியமில்லாமல் உழைக்கிறார்கள். பழைய இழைகளை, அதாவது கேள்வி-பதில் உரையாடல்களை, எல்லாம் பூட்டிவிட்டு, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கலாம் என்கிறார் அவர்களில் ஒருவர். அப்படிச் செய்தால் விலகிவிடுவேன் என்கிறார் இன்னொருவர். யார் பக்கம் நிற்பது?

பதில்: விலகுவேன் என்கிறாரே, அவர் பக்கம். மற்றவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பணம் வேண்டும்தான், ஆனால் அவர் பூட்டச் சொல்லும் கதவு தவறான கதவு.

எடுத்துக்காட்டாக நீங்கள் அனுப்பியிருந்த இழையை இரண்டு முறை படித்தேன். தன் கேமராவின் அப்பெர்ச்சர் தகடுகள் (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிப்பவை) ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கின்றன என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். நாற்பது நிமிடத்தில் பதில் வருகிறது: எண்ணெய் விட்டுவிடாதீர்கள், கசிந்த எண்ணெய்தான் தகடுகளை ஒட்டவைத்திருக்கிறது, லைட்டர் திரவத்தில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், காயவிட்டு மறுபடி துடையுங்கள், எண்ணெய்த் தடம் மறையும்வரை விடாதீர்கள். மறுநாள் ஒரு நன்றி. அதோடு இழை தூங்கிப்போகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே கோளாறைத் தேடுபொறியில் தேடிக்கொண்டு வந்த ஒருவர், ‘எனக்கும் சரியாகிவிட்டது’ என்ற ஒற்றை வரியை எழுதுவதற்காகவே கணக்குத் தொடங்கியிருக்கிறார். அவர்தான் இன்று உங்கள் மூன்றாவது மட்டுறுத்துநர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இழை பூட்டியிருந்தால் அவர் கேமராவைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

பழைய இழைகளைத் தொடக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்: புதியவர்கள் உள்ளே வரும் வழியே அதுதான். இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. அந்தப் பதில்களை எழுதியது நீங்கள் அல்ல. யாரோ தன் மாலைப் பொழுதைச் செலவிட்டு, முகம் தெரியாத ஒருவருக்காகச் சும்மா எழுதிக் கொடுத்தது. அதற்கு இப்போது விலை வைத்தால், பந்தியில் பரிமாறியவரிடமே பில்லை நீட்டியதாகிவிடும். சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கலாம், உங்கள் விதிமுறைகளில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. மனத்தளவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிப்பதோடு சரி, 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பகுதியை எழுதுவது மீதமுள்ள ஒரு விழுக்காடுதான் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் சொன்னார். கறாரான விதி அல்ல, குத்துமதிப்புதான். உங்கள் 11,000 பேரில் அது 110 பேர். குழு என்று நீங்கள் சொல்வது உண்மையில் அந்த 110 பேரைத்தான். அவர்களுக்கு உங்கள் தளம் தேவையில்லை. கேமராவைப் பிரித்துச் சேர்க்க அவர்களுக்கே தெரியும். அவர்கள் வருவது யாராவது கேட்பார்கள் என்பதற்காக. கேட்பவர்கள் வெளியே நின்றுவிட்டால் இவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்பாளர் குழு ஒன்றுக்கு நானே ஆலோசனை சொல்லி, சொற்களைப் பற்றிய பழைய உரையாடல்களைச் சந்தாவுக்குள் போட வைத்தேன். முதல் மாதம் பணம் நன்றாகவே வந்தது. ஐந்தாம் மாதம் கேள்விகள் வருவது நின்றது. வெட்கத்தோடு சொல்கிறேன்: பூட்டை எடுத்த பிறகும் பழைய ஆட்கள் திரும்பவில்லை.

‘சில மாதம் வைத்துப் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அதனால்தான் எனக்குப் பயம். உரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. காத்திருக்கும் ஆசிரியரை நினைத்துக் கூச்சப்பட்டவர்கள், காசு கொடுத்துவிட்டோமே என்று நிம்மதியாகிவிட்டார்கள். பிறகு அபராதத்தை நீக்கினார்கள். கூச்சம் திரும்பவில்லை, தாமதம் அப்படியே நின்றது. விலைச் சீட்டை ஒட்டுவது எளிது. கிழித்த பிறகும் பசை இருக்கும்.

அப்படியானால் கட்டணமே கூடாதா? கூடும். 1985இல் ஸ்டூவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியன்ட் இருவரும் தொடங்கிய ‘தி வெல்’ என்ற கணினிவழி உரையாடல் குழு முதல் நாளிலிருந்தே சந்தாக் குழுதான். 2012இல் அதன் உறுப்பினர்களே சேர்ந்து அதை விலைக்கு வாங்கும் அளவுக்குப் பற்று வைத்திருந்தார்கள். அங்கே நுழைந்த எல்லோரும் காசு கொடுத்துத்தான் நுழைகிறோம் என்று தெரிந்தே நுழைந்தவர்கள். உங்களிடம் வந்தவர்கள் வேறொரு வாக்கை நம்பி வந்தவர்கள். உங்களுக்கு நெருக்கமான மாதிரி மெட்டாஃபில்டர் என்ற இணையக் குழு. படிப்பது யாருக்கும் இலவசம். எழுதக் கணக்குத் தொடங்க 2004 முதல் 5 டாலர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அந்தத் தொகையால் யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் கலகம் செய்ய வருபவன் ஐந்து டாலருக்காக ஒரு நிமிடம் யோசிப்பான். அவனைத் துரத்தினால் மறுபடி நுழைய மறுபடி கட்ட வேண்டும்.

விளம்பரம் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். அதே மெட்டாஃபில்டர்தான் அதற்கும் பாடம். 2012இன் பிற்பகுதியில் கூகுள் தேடலில் பின்னுக்குப் போனதும் விளம்பர வருமானம் சரிந்து, 2014இல் ஊழியர்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. குடுமி அடுத்தவர் கையில் இருந்தால் அப்படித்தான்.

இனி எதற்குப் பணம் கேட்பது என்று பார்ப்போம். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்ததா, நீங்கள் புதிதாக உழைத்துத் தருவதா? முன்னது திறந்தே இருக்கட்டும், பின்னதற்குத் தாராளமாக விலை வையுங்கள். மாதம் ஒரு முறை, கைதேர்ந்த ஒருவர் காணொளியில் ஒரு கேமராவை முழுவதும் பிரித்துச் சேர்த்துக் காட்டட்டும். இருபது பேருக்கு மேல் இடமில்லை, ஒவ்வொருவரும் கேள்வி கேட்கலாம். நடத்துபவருக்கும் அதிலிருந்து பணம் போகட்டும். அடுத்தது விற்பனைப் பகுதி. கேமராவையும் உதிரிபாகத்தையும் விற்க விளம்பரம் இடுபவரிடம் கட்டணம் வாங்கினால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர் லாபம் பார்க்க வந்தவர். ஏமாற்றுக்காரர்களும் கொஞ்சம் வடிகட்டப்படுவார்கள். தயாரிப்பு நிறுவனங்களின் பழுதுநீக்கக் கையேடுகளை ஸ்கேன் செய்து சந்தாதாரர்களுக்குக் கொடுக்கும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். பதிப்புரிமை அடுத்தவருடையது, காசும் வாங்கிவிட்டால் தப்பிக்க வழியில்லை.

‘சந்தாதாரர் கேள்விக்கு முதலில் பதில்’ என்ற சலுகையை விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பதில் சொல்பவர் சும்மா சொல்கிறார், காசு உங்களுக்கு வருகிறது என்றால் அவர் உங்கள் சம்பளமில்லாத வேலைக்காரர். முதல் வாரத்திலேயே அவருக்கு அது புரிந்துவிடும்.

தொகை எவ்வளவு என்பதற்கு ஒரு வழி. ஓர் ஆண்டுச் செலவை எழுதுங்கள்: சர்வர், காப்புநகல், மின்னஞ்சல் சேவை, மட்டுறுத்துநர்களுக்கு ஒரு சிறு மதிப்பூதியம். உறுப்பினர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் தருவார் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். வரும் எண் உங்களுக்கே அதிகமாகத் தோன்றினால் சந்தாவை ஏற்றாதீர்கள், செலவைக் குறையுங்கள். மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தா நல்லது. பணம் செலுத்தும் சேவைகள் பல, ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிலையான தொகையைப் பிடித்துக்கொள்கின்றன, சின்னத் தொகையில் அது பெரிய கடி. விலக நினைப்பவர் ஒரு பொத்தானில் விலக முடிய வேண்டும்.

ஒரு விதியை இன்றே எழுதி வையுங்கள்: ஒழுங்குமீறலுக்குச் சந்தாதாரர், மற்றவர் என்ற பேதம் இல்லை, நீக்கப்படுபவருக்கு மீதிப் பணம் அன்றே திரும்பும். இது எழுத்தில் இல்லையென்றால், காசு கொடுத்த ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசும் நாளில் உங்கள் கை நடுங்கும்.

கடைசியாக, அறிவிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். போன ஆண்டில் அதிகம் பதில் சொன்னவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, நான்கு வரி எழுதுங்கள்: செலவுக் கணக்கு இது, இன்று திறந்திருக்கும் எதுவும் பூட்டப்படாது, கட்டணப் பகுதி முழுவதும் உங்களுக்கு இலவசம், இதில் எது உறுத்துகிறது என்று சொல்லுங்கள். முதல் கடிதம் விலகுவேன் என்ற மட்டுறுத்துநருக்குப் போகட்டும். அவருடைய பதில் வந்த பிறகு இரண்டாவதை எழுதுங்கள்.