இன்ஜினை மாற்றும் முன் ஏர் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணி

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி விவசாயம் செய்கிறோம். 2009 மாடல் மகிந்திரா பொலிரோ பிக்கப், 2.5 லிட்டர் டிஐ இன்ஜின். 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. லோடோடு ஏற்றம் ஏறினால் நீலப் புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஆயில் குடிக்கிறது. காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிப்போகிறது. “பேக் கம்ப்ரஷன் வந்துவிட்டது, பழைய இன்ஜின் ஒன்று எடுத்து மாட்டிவிடலாம்” என்கிறார் மெக்கானிக். என் தம்பி ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவன். வீட்டுக் கொட்டகையில் வைத்து நாங்கள் இருவரும் செய்துவிட முடியுமா? பழைய இன்ஜின் வாங்குவதா, இருப்பதையே வேலை பார்ப்பதா?

பதில்: செய்ய முடியும். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் உங்கள் டிஐ இன்ஜினில் கம்ப்யூட்டர் தொல்லை இல்லை. கையும் பொறுமையும் உள்ள இருவருக்கு இது எட்டாத வேலை இல்லை. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். இந்த இன்ஜினைத் தின்றது எது? அது தெரியாமல் வேறு இன்ஜின் மாட்டினால், அதையும் அதுவே தின்னும்.

முதல் வேலை: ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்பக்கம் ஒரு சுற்றுத் துடையுங்கள். ஃபில்டருக்கு அப்பால் உள்ள பகுதி அது. துணி சுத்தமாக வரவேண்டும். மண் நிறத்தில் நறநறவென்று தூள் ஒட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது குழாயின் அடிப்பக்க மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். உங்கள் இன்ஜினின் கொள்ளளவு 2,523 சிசி. 2,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்றை அது இழுக்கிறது. தோட்டத்து மண்பாதையில் அந்தக் காற்றோடு போகும் செம்மண் தூள், பிஸ்டன் ரிங்கையும், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்சுவரான போரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி தேய்த்துவிடும்.

அடுத்தது, பேக் கம்ப்ரஷன் என்று மெக்கானிக் சொன்னது; சிலிண்டரின் அழுத்தம் ரிங்கைத் தாண்டி இன்ஜினின் அடிப்பக்கம் கசிவது. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே வாயின்மேல் வைத்துப் பார்த்திருப்பார். மூடி துள்ளினால் ரிங் போய்விட்டது என்று பொருள் கொள்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் அப்படி உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் மூடி துள்ளும், ஆயில் சீல்களில் கசியும், ஆயில் செலவும் ஏறும். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி மாட்ட அரை மணி நேரம் போதும். அதைச் செய்த பிறகும் துள்ளுகிறதா என்று பாருங்கள்.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதும் முக்கியம். இரவு நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒரு பொட்டலம் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், வால்வு சீலும் கைடும் தேய்ந்திருக்கின்றன. ஹெட் வேலையோடு முடிந்துவிடும். உங்களுக்கு லோடில், ஏற்றத்தில் விடாமல் வருகிறது. அது ரிங், போர் பக்கம்தான் கையைக் காட்டுகிறது. வண்டியில் டர்போ இருந்தால் அதன் காற்றுக் குழாயையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் குளம் கட்டி நின்றால் டர்போவின் சீலும் பங்காளி. இன்னொன்று, டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர் மாதிரி ஓடினால், ஃபீட் பம்பிலிருந்தோ டீசலை அழுத்தித் தள்ளும் பெரிய பம்பின் சீலிலிருந்தோ, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் டீசல் இறங்குகிறது. பேரிங்குகளுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

இதற்கெல்லாம் பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இதற்கு ஆகாது; 300 பிஎஸ்ஐயோடு முடிந்துவிடும். டீசல் கேஜ் ஒன்றை வாடகைக்கு வாங்குங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அளவு பொய் சொல்லும், அதனால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கவேண்டும். பேட்டரி ஒயரின் எர்த் முனையையும் சுரண்டி முறுக்கிவிடுங்கள். காலையில் கிளம்பாத தொல்லையில் பாதி அங்கேகூட இருக்கலாம். நல்ல டிஐ இன்ஜினில் சிலிண்டருக்கு 400 பிஎஸ்ஐ அளவில் வரும். நான்கும் 300-க்குக் கீழே ஒரே மாதிரி விழுந்திருந்தால் பொதுவான தேய்மானம். மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் சரிந்திருந்தால் கதை வேறு. அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, டீசல் பீய்ச்சும் நாஸிலைக் கழற்றிய துளை வழியாக கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துக் காதை வையுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது வெடிப்பு. காற்று கொடுக்கும்போது இன்ஜின் திடீரென்று சுற்றும், ஃபேன் பக்கம் கை இருக்கக்கூடாது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. என் தீர்ப்பு: பிளாக் வெடிக்காமல், கனெக்டிங் ராடு உடைந்து வெளியே வராமல் இருந்தால், உங்கள் இன்ஜினையே வேலை பாருங்கள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் கிடைக்கும் பழைய இன்ஜின் வெளியே கழுவிப் பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். உள்ளே எத்தனை லட்சம் கிலோமீட்டர் என்று அதற்கு மட்டும்தான் தெரியும். தவிர, இன்ஜின் நம்பர் உங்கள் ஆர்சியில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-வது பிரிவின்படி ஆர்சியில் உள்ள விவரம் மாறும் வேலையை ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. உங்களுடையது மஞ்சள் போர்டு என்றால், 8 வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி உண்டு. அங்கே நம்பர் ஒத்துப்போகாவிட்டால் வண்டி நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். வாங்கியே ஆகவேண்டும் என்றால் பில்லும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்கான காகிதமும் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இறக்கும் வேலை. கியர்பாக்ஸ் இல்லாமலே அந்த இன்ஜின் 200 கிலோவைச் சுற்றி இருக்கும். கொட்டகையின் விட்டத்திலோ வேப்பமரக் கிளையிலோ தொங்கவிடாதீர்கள். ஒரு டன் செயின் பிளாக்கும் இரும்பு முக்காலியும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது. சேஸிக்குக் கீழே மரக்கட்டை அடுக்கிவிட்டுத்தான். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயரையும் குழாயையும் போனில் படம் எடுங்கள். பேரிங் கேப்களில் நம்பர் இல்லையென்றால் உளியால் புள்ளி குத்திக்கொள்ளுங்கள். ஒன்றாம் கேப் ஒன்றாம் இடத்துக்குத்தான், அதே திசையில்தான் போகவேண்டும்.

கழற்றுவதும் சேர்ப்பதும் வீட்டில். அளப்பதும் கடைவதும் லேத்தில். உங்கள் இன்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 88.9 மில்லிமீட்டர். தேய்மானம் அதிகம் இருப்பது மேல்பக்கம், முதல் ரிங் வந்து நிற்கும் இடத்தில். அங்கே விரல் நகத்தால் வருடினாலே படி தட்டும். லேத்காரர் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதித் தரட்டும். போரைப் பெரிதாகக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போவதா, போரின் உள் உறையான லைனரை மாற்றுவதா என்பதை அந்த எண்கள் சொல்லும். ஓவர்சைஸ் என்றால் பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்கள், பிஸ்டனைப் பார்த்துத்தான் போர் அடிக்கவேண்டும். கிராங்கில் பேரிங் உட்காரும் இடங்களான ஜர்னல்களையும் மைக்ரோமீட்டரில் அளக்காமல் பேரிங் ஷெல் வாங்காதீர்கள்.

லேத்திலிருந்து வந்த பிளாக்கைக் கழுவுவதில்தான் வீட்டு மெக்கானிக்குகள் தோற்கிறார்கள். நானும் ஆரம்ப காலத்தில் தோற்றிருக்கிறேன். ஹோனிங், அதாவது போரைக் கல்லால் தேய்த்து நுண்ணிய கோடு போடும் வேலை, முடிந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் அலசி, காற்றடித்து, சேர்த்துவிட்டேன். இரண்டே வாரத்தில் பேரிங் சத்தம். பிரித்தால் ஷெல்லெல்லாம் கோடு கோடாக இருந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெயைக் கரைக்கும். ஹோனிங் கல்லின் துகள் அப்படியே போரின் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். வெந்நீர், சோப்புத்தூள், நைலான் பிரஷ். தேயுங்கள், அலசுங்கள், மறுபடி தேயுங்கள். ஆயில் போகும் துளைகளின் பிளக்குகளைக் கழற்றி, பால்புட்டி கழுவும் பிரஷ் மாதிரி நீளமானதை விட்டு இழுங்கள். காய்ந்ததும் வெள்ளைத் துணியில் புது ஆயில் தொட்டு போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னும் சுத்தமாகவில்லை. வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். உடனே ஆயில் தடவிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ராத்திரியில் துரு பூக்கும்.

ரிங்கை பிஸ்டனில் மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அதன் சிலிண்டருக்குள் போட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாயிடைவெளியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். இந்த அளவு போருக்கு 0.30-லிருந்து 0.45 மில்லிமீட்டர் வரை பொதுவாகச் சரி. ரிங் பெட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே கணக்கு. இடைவெளியே இல்லாமல் மாட்டினால் சூட்டில் வாய் முட்டி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டாப் என்ற எழுத்து மேலே பார்க்கட்டும். ரிங் வாய்கள் ஒரே வரிசையில் நிற்கவேண்டாம். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக, டார்க் ரெஞ்சில் மட்டும் முறுக்குங்கள். கைக்கணக்கு இங்கே செல்லாது.

பம்பையும் நாஸில்களையும் நீங்கள் பிரிக்கவேண்டாம். பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி வாங்குங்கள். தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நாஸில் அடிக்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், விரலே போய்விடலாம். அப்படி ஆனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவைத்து, செல்ஃபைப் பத்துப் பத்து விநாடியாக அடித்து ஆயில் லைட் அணையும்வரை சுற்றுங்கள். பிறகு ஹேண்ட் பம்ப் அடித்து, குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள். கார்பென்டரிடம் வாங்கிய ஒரு தட்டைப் பலகை பக்கத்தில் இருக்கட்டும். டீசலை நிறுத்தியும் இன்ஜின் தானாக வேகமெடுத்து அலறினால், அது ஆயிலைக் குடித்து ஓடுகிறது; காற்று இழுக்கும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையை வைத்து அடைக்கக்கூடாது.

கிளம்பியதும் ஐடிலிலேயே மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். லோடு இல்லாமல் ஓடினால் ரிங் படியாது. அரை லோடில், வேகத்தை ஏற்றி இறக்கி 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். 500-இல் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இப்போதைக்கு ஏர் குழாயைத் துடைத்த துணி எப்படி வந்தது, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் என்ன என்று எழுதி அனுப்புங்கள். இன்ஜினை இறக்கவே வேண்டுமா, ஹெட்டோடு முடியுமா என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.