அஸ்கரோத் குழுவின் வரலாறு என்ன? அந்தப் பாணியில் நாங்கள் பதிவு செய்தால் கீபோர்டு கிட்டாரை விழுங்கிவிடுகிறதே, ஏன்?

அஸ்கரோத், 1995-ல் பார்சிலோனாவில் தொடங்கிய பிளாக் மெட்டல் (கடுமையான, வேகமான ராக் வகை) குழு. அதற்கு முந்தைய வருடம்தான் நார்வேயின் எம்பரர் குழு ‘இன் த நைட்சைட் எக்லிப்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. கிட்டாருக்கு மேல் கீபோர்டில் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் விரிக்கும் பாணி ஐரோப்பா முழுக்கப் பரவிக்கொண்டிருந்த நேரம்.

1996-ல் ‘த க்வெஸ்ட் ஃபார் எல்டன்ஹார்’ என்ற இ.பி. (சில பாடல்கள் மட்டும் கொண்ட குறு ஆல்பம்). பிறகு ‘ட்ராப்ட் இன் த டெப்த்ஸ் ஆஃப் ஈவ்’, ‘ஆப்சென்ஸ் ஸ்பெல்ஸ் பியாண்ட்’. கடைசியாக 2002-ல் ‘ரெட் ஷிஃப்ட்’. அதை வெளியிட்டது இங்கிலாந்தின் பீஸ்வில். பாரடைஸ் லாஸ்ட், மை டையிங் பிரைட் குழுக்களை வளர்த்த நிறுவனம் அது. ஸ்பானிய அண்டர்கிரவுண்ட் குழு ஒன்று அங்கே இடம்பிடித்தது பெரிய விஷயம். முதலில் இ.பி.யையும் அடுத்து ‘ரெட் ஷிஃப்ட்’டையும் கேளுங்கள். கற்பனை உலகத்தைப் பாடித் தொடங்கியவர்கள் ப்ராக்ரஸிவ் (சிக்கலான அமைப்புகளைத் தேடும் ராக்) பக்கம் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்பது உடனே புரியும்.

கீபோர்டு விழுங்குவதற்கு வால்யூம் மட்டும் காரணமில்லை. டிஸ்டார்ஷனில் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கார்டின், அதாவது சுரக்கூட்டின், மூன்றாம் சுரம் கலங்கும் என்பதால் கிட்டார் பல இடங்களில் ஈ (E), பி (B) என்று இரண்டு சுரம்தான் வாசிக்கிறது. அது மைனரா மேஜரா என்று சொல்லும் வேலை கீபோர்டுடையது. அதனால் முழு கார்டையும் இரு கையால் அமுக்காதீர்கள். இடது கையை எடுத்துவிட்டு, நடு சி-க்கு (C) மேலே உள்ள ஜி-யை (G) மட்டும் பிடித்துப் பாருங்கள். ஈ மைனர் அப்படியே எழுந்து நிற்கும், கிட்டாரும் கேட்கும்.

அடுத்தது வேகம். 180 பிபிஎம்-ல் (நிமிடத்துக்கு 180 பீட்) ட்ரெமலோ, அதாவது ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப, பீட்டுக்கு நான்காக வாசித்தால் நொடிக்கு 12 மீட்டல். ஒரு பீட்டுக்கு 0.33 நொடிதான். கீபோர்டுக்கு மூன்று நொடி ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டால் ஒன்பது பீட்டின் எச்சம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். ஒரு நொடிக்குக் குறைத்துவிடுங்கள். ஸ்ட்ரிங்ஸ் சத்தம் மெதுவாக எழும்பினால் கார்டு மாறுவது தாமதமாகக் கேட்கும், எனவே அட்டாக் (ஒலி முழுதாக எழும்ப எடுக்கும் நேரம்) 30 மில்லிநொடிக்குள் இருக்கட்டும்.

கீபோர்டில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் ஈ கம்பி 41. கிக் டிரம்மும் அங்கேதான் இருக்கிறது. கீபோர்டில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கமும் 2, 3 டெசிபல் இறக்குங்கள், கிட்டார் மீட்டலின் கூர்மை அங்கேதான் தெரியும். கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் தள்ளுங்கள். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அது நடுவில்தான் கேட்கும், கீபோர்டோடு மறுபடியும் மோதும்.