பாதி சிகரெட், பாதி வேப்: இது கணக்கில் சேருமா?

கேள்வி: எனக்கு 51 வயது. முப்பது வருடமாக நாளுக்கு ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட். நான் வசிக்கும் நாட்டில் வேப் (மின் சிகரெட்) சட்டப்படி விற்கிறார்கள். மூன்று மாதம் முன்பு கடைக்காரர் சொன்னபடி ஒரு பெரிய கருவியும் மில்லிக்கு 3 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள லிக்விடும் வாங்கினேன். புகை ஏகமாக வருகிறது, இருமல் அதைவிட ஏகமாக வருகிறது. நாள் முழுக்க இழுத்தாலும் மனசு அடங்கவில்லை. இரண்டு நாளில் கருகிய வாடை வேறு. இப்போது 12 சிகரெட்டும் நடுநடுவே வேப்புமாக ஓடுகிறது. இவ்வளவு குறைத்ததே லாபம்தானே? முழுதாக மாறுவதென்றால் எப்படி? மூச்சிரைப்புக்குத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்: எண்ணிக்கையைக் குறைத்ததில் பணம் மிச்சம். உடம்புக்கு நீங்கள் நினைக்கும் அளவு லாபம் இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 20 சிகரெட் பிடிக்கும் ஆணுக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. எண்ணிக்கை குறையும் அதே விகிதத்தில் ஆபத்து குறைவதில்லை. போதாக்குறைக்கு, எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக இழுத்து, ஃபில்டர் வரை பிடித்துத் தீர்ப்பார்கள். உங்கள் பன்னிரண்டும் பழைய பதினாறுக்குச் சமமாக இருக்கலாம். வேப்பால் பலன் வேண்டுமென்றால் சிகரெட் பூஜ்யமாக வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதை இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

வேப் பாதுகாப்பானதா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிதல். நீங்கள் இழுக்கும்போது நுனியின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. அதில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகிறது. அதனால் நச்சு வெகுவாகக் குறைகிறது. ஆனால் இது காற்று அல்ல. நிகோட்டின் அடிமைத்தனம் அப்படியே தொடரும், இருபது முப்பது வருடம் ஆவி இழுத்த நுரையீரல் எப்படியிருக்கும் என்பதற்கு இன்னும் யாரிடமும் விடை இல்லை. புகைக்காதவர் தொட வேண்டிய பொருளே அல்ல. உங்களுக்கு மூச்சிரைப்பு இருப்பதால், மருந்துக்கடையில் கிடைக்கும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, நிகோட்டின் மெல்லும் கோந்து, சிகரெட்டை விட உதவும் வரெனிக்ளின் மாத்திரை ஆகியவற்றை இதுவரை முறையாக முயன்றதில்லை என்றால், மருத்துவரிடம் முதலில் அதைப் பேசுங்கள். முயன்று தோற்றவர் என்றால் வேப்புக்குப் போவது நியாயமே. 2019-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான இங்கிலாந்து ஆய்வில், வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். பட்டை, கோந்து போன்றவற்றை எடுத்தவர்களில் அது 9.9 சதவீதம். அதே ஆய்வின் மறுபக்கமும் தெரிந்திருக்கட்டும்: வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் வருடக் கடைசியிலும் வேப்பை விட்டிருக்கவில்லை.

இனி உங்கள் கருவி. கடைக்காரர் உங்களுக்குக் கொடுத்தது புகை மேகம் விடுபவர்களுக்கான சாமான். அதன் காயில் (லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) 0.2 ஓம் பக்கத்தில் இருக்கும், 50, 60 வாட்டில் ஓடும். ஆவியை நேராக நுரையீரலுக்குள் இழுக்க வேண்டும். முப்பது வருடமாக நீங்கள் இழுக்கும் விதம் வேறு: முதலில் வாயில் வாங்கி, பிறகு உள்ளே தள்ளுகிறீர்கள். அந்தப் பழக்கத்தோடு அந்தக் கருவியை இழுத்தால் இருமல் வராமல் என்ன செய்யும்? மூன்று மில்லிகிராம் லிக்விடில் நிகோட்டினும் போதாது. போதாததை ஈடுகட்ட இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், காயிலில் உள்ள பஞ்சு நனைய நேரம் கிடைக்காமல் கருகுகிறது. ஆக, உங்கள் மூன்று புகாருக்கும் காரணம் ஒன்றுதான்.

வாங்க வேண்டியது சின்ன பாட் (லிக்விட் நிரப்பி மாட்டும் சிறு கூடு) கருவி. காயில் 0.8 முதல் 1.2 ஓம் வரை, 10 முதல் 15 வாட், இழுப்பு இறுக்கமாக, ஏறக்குறைய சிகரெட் போல. லிக்விட் பாதிக்குப் பாதி: புரோப்பிலீன் கிளைக்கால் 50, வெஜிடபிள் கிளிசரின் 50. கிளிசரின் 70 உள்ள கெட்டியான லிக்விடைச் சின்ன காயிலில் ஊற்றினால் பஞ்சு உறிஞ்சத் திணறும், மறுபடி கருகல்தான். நாளுக்கு 20 பிடித்தவருக்கு நிகோட்டின் சால்ட் வகையில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் சரியான தொடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் அதற்குமேல் விற்க அனுமதியில்லை. சாதாரண நிகோட்டின் காரத்தன்மை உள்ளது, அந்த அடர்த்தியில் தொண்டையை அறுக்கும்; சால்ட்டில் பென்சாயிக் அமிலம் சேர்த்து அதைத் தணித்திருப்பார்கள். எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர் என்றால் நீங்கள் பலமான அடிமை. அப்படிப்பட்டவர் கூச்சப்பட்டு 6, 10 என்று தொடங்குவதுதான் மாற்றம் தோற்கும் முதல் வழி.

20 மில்லிகிராம் என்றதும் பலருக்குப் பயம் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போகும் நிகோட்டின் சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம். இருபதுக்கு 20 முதல் 30. சின்ன பாடில் நாளுக்கு ஒன்றரை மில்லி லிக்விட் தீர்ந்தால் அதில் இருப்பது 30 மில்லிகிராம், அதுவும் முழுதாக உள்ளே போகாது. பெரிய கருவியில் 3 மில்லிகிராம் லிக்விடை 10 மில்லி ஊதித் தீர்த்தாலும் அதே 30தான். கூடவே ஆறேழு மடங்கு ஆவியும் நுரையீரலுக்குள் போயிருக்கும். போத்தலில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்து எது 'லைட்' என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு எச்சரிக்கை: இந்த 20 சால்ட்டைப் பழைய பெரிய கருவியில் ஊற்றிவிடாதீர்கள். தலைசுற்றி வாந்தி வரும்.

புதுக் காயிலை மாட்டியதும் இழுக்கக் கூடாது. பக்கவாட்டுத் துளைகளில் வெள்ளைப் பஞ்சு தெரியும். அங்கே இரண்டு மூன்று சொட்டு விட்டு ஈரமாக்குங்கள். பிறகு பாடை நிரப்பி மூடி பத்து நிமிடம் வையுங்கள். பட்டன் உள்ள கருவியானால் அதை அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை மெல்ல இழுத்துவிட்டு, காயிலில் அச்சிட்ட வாட் எல்லையின் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இந்தப் பத்து நிமிடத்துக்குப் பொறுமையில்லாமல் கருக்கிய காயில்களே குப்பைத் தொட்டியில் அதிகம். கருகிய பஞ்சு திரும்ப வராது, கழுவியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அந்தச் சுவையைச் சகித்துக்கொண்டு இழுக்கவும் வேண்டாம்: பஞ்சு காய்ந்து சூடேறும்போதுதான் ஃபார்மால்டிஹைடு போன்றவை கூடுகின்றன. ஒழுங்காக நடத்தினால் ஒரு காயில் ஒன்றிரண்டு வாரம் வரும். இனிப்பு தூக்கலான, நிறம் கறுத்த லிக்விட் என்றால் நாலைந்து நாளில் மேலே பிசுக்குப் படிந்துவிடும். புதினா போன்ற தெளிவான லிக்விடில் காயில் ஆயுள் கூடும். புகையிலைச் சுவை எடுத்தால் சிகரெட் போலவே இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். எரிந்த இலையின் சுவை எந்தப் போத்தலிலும் இல்லை.

இழுக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். சிகரெட்டை ஒன்றரை, இரண்டு நொடியில் வெடுக்கென்று இழுக்கிறோம். வேப்பை மூன்று, நான்கு நொடி மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக உறிஞ்சினால் ஆவி அதிகமாகாது. லிக்விடுதான் காயிலுக்குள் புகுந்து களகளவென்று சத்தம் போடும், நாக்கில் சூடான துளி தெறிக்கும். அப்படி ஆனால் பாடைக் கழற்றி, கீழ்ப்பக்கம் டிஷ்யூ வைத்துப் பிடித்து, வாய் வைக்கும் பக்கத்திலிருந்து ஊதுங்கள். தேங்கியது டிஷ்யூவில் இறங்கிவிடும். மின் தொடர்பு முனைகளையும் துடைத்து மாட்டுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே அரை நிமிடம் விடுங்கள், பஞ்சு மறுபடி நனையட்டும்.

இன்னொன்று. சிகரெட் நிகோட்டின் பத்து இருபது நொடியில் மூளைக்குப் போய் அடிக்கும். வேப்பில் பெரும்பாலும் அந்த அடி மந்தமாகத்தான் வரும். பத்து இழுப்பு இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். 'ஒன்றுமே ஏறவில்லை' என்று அந்த ஐந்து நிமிடத்துக்குள் சிகரெட்டைப் பற்றவைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. விக்கல், தலைவலி, குமட்டல் வந்தால் நிகோட்டின் கூடிவிட்டது, கீழே வையுங்கள். எரிச்சலும் கைநடுக்கமுமாகச் சிகரெட் நினைப்பு வந்தால் குறைவு, இன்னும் நாலு இழுங்கள். சிகரெட் மாதிரி 'ஒன்று முடிந்தது' என்ற எல்லை இதில் கிடையாது. முதல் மாதம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மாறும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் இரண்டு கருவி, நாலு காயில் அல்லது பாட், இரண்டு போத்தல் லிக்விட் கையில் இருக்கட்டும். இது ஆடம்பரம் அல்ல. ராத்திரி பதினோரு மணிக்குச் சார்ஜ் தீர்ந்துபோனால் உங்கள் கால் எந்தக் கடைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பழைய பெரிய கருவியை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். முதல் சிகரெட்டையும் சாப்பாட்டுக்குப் பின் பிடிப்பதையும் முதலில் மாற்றுங்கள். இழுக்கும் ஆசை அப்போதுதான் உச்சம், அந்த இரண்டும் விழுந்தால் மற்றவை தானே சரியும். முதல் மூன்று நாள் கடினம், இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். வாய் உலரும் (புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள்), சிலருக்கு வாய்ப்புண், மலச்சிக்கல். சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் அன்றைய நாளையே கைவிடாதீர்கள், அடுத்த இழுப்பை வேப்பில் இழுங்கள். ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இறங்கிவிடும், மாடிப்படியில் அது தெரியும்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி: தியோபிலின். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டு இந்த மருந்தை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன. உங்களுக்கு எழுதிய அளவு புகைக்கும் உடம்புக்கு எழுதியது. சிகரெட்டை நிறுத்தினால் அந்த முடுக்கம் சில நாளில் நின்றுவிடும், அதே மாத்திரை ரத்தத்தில் கூடிப்போகும். குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை, நெஞ்சு துடிப்பு, முற்றினால் வலிப்பு வரை போகலாம். முடுக்கியது நிகோட்டின் அல்ல, புகை. அதனால் வேப் இழுத்துக்கொண்டிருந்தாலும் இது நடக்கும். பலர் படபடப்பு வந்ததும் 'வேப் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சிகரெட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். மாறும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் தேதியைச் சொல்லுங்கள். ரத்தத்தில் அளவு பார்த்து மாத்திரையைக் குறைப்பார். நீங்களாகக் குறைக்க வேண்டாம். காபியும் இதே நொதியில்தான் கரைகிறது, ஆகவே நாளுக்கு நாலு காபி குடிப்பவர் என்றால் இரண்டாக்குங்கள். மனநலத்துக்கான குளோசபின், ஓலான்சபின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

நிகோட்டின் லிக்விட் விஷம். குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், தோலில் சிந்தினால் உடனே சோப்பால் கழுவுங்கள். தலையணை மேலோ, தூங்கும் நேரத்திலோ சார்ஜ் போடாதீர்கள். தனியாகக் கழற்றும் பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பையில் போடாதீர்கள். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். முத்திரையில்லாத லிக்விடும் யாரோ கலந்து தரும் கார்ட்ரிட்ஜும் வேண்டவே வேண்டாம். 2019-ல் அமெரிக்காவில் நுரையீரல் கெட்டு ஆட்கள் இறந்ததற்கு முக்கியக் காரணமாக இருந்தது, கஞ்சாச் சத்து கலந்த கார்ட்ரிட்ஜ்களில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். விமானத்தில் கருவியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் போகிற நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இந்தியாவில் 2019 முதல் வேப் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். அங்கெல்லாம் போகும் நாட்களுக்குப் பட்டையும் கோந்தும் எடுத்துச் செல்லுங்கள், சிகரெட்டை அல்ல.

குறைப்பது பிறகு. சிகரெட் இல்லாமல் மூன்று மாதம் நிம்மதியாகப் போனபின் முதலில் இடைவெளியைக் கூட்டுங்கள்: படுக்கையறையில் இல்லை, காரில் இல்லை, வேலை நேரத்தில் இத்தனை தடவை மட்டும். அதன்பின் 20-லிருந்து 10-க்கு வாருங்கள். லிக்விட் செலவு இரட்டிப்பானால் உடம்பு ஈடுகட்டுகிறது என்று பொருள், ஒரு மாதம் அங்கேயே நில்லுங்கள். சிகரெட் ஆசை தலைதூக்கினால் தயங்காமல் பழைய 20-க்கே ஏறிக்கொள்ளுங்கள், குறைப்பதை இன்னொரு மாதம் தள்ளிப்போடலாம்.