கணக்கை முதலில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும் பெண்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு டீச்சர் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறாள். மீதி நேரம் ஜன்னலைப் பார்க்கிறாள், அல்லது பக்கத்துப் பிள்ளையோடு பேசித் திட்டு வாங்குகிறாள். ஆங்கிலத்திலும் சமூக அறிவியலிலும் மதிப்பெண் இறங்குகிறது. அவளுடைய அப்பா ஐஐடி ஃபவுண்டேஷன் கோச்சிங்குக்கு அட்வான்ஸ் கட்டத் தயாராக இருக்கிறார், உறவினர்கள் சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்கள், நீங்கள் டபுள் புரமோஷன் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள்.

மூன்று யோசனைகளும் அவளைச் சீக்கிரமாக அடுத்த இடத்துக்குத் தள்ளும் யோசனைகள். அவளுக்கு இப்போது வேண்டியது வேகம் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கிற இடத்திலேயே கொஞ்சம் ஆழமான தண்ணீர் வேண்டும்.

டபுள் புரமோஷனை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு வகுப்பைத் தாண்டினால் கணக்கில் சமாளிப்பாள். ஆனால் ஏற்கெனவே சரிகிற இரண்டு பாடங்களிலும் ஒரு வருடப் பாடம் விடுபடும். தன்னைவிடப் பெரிய பிள்ளைகள் நடுவே பன்னிரண்டு வயதுப் பெண் தனியாகிவிடவும் கூடும். பின்னால் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் இன்னொரு தடையும் உண்டு: சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறையாதவர்கள் நீட் எழுத முடியாது. இதைவிட எளிய வழி, கணக்குப் பாடவேளையில் மட்டும் வாரத்தில் இரண்டொரு நாள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார அனுமதி கேட்பது. டைம்டேபிள் ஒத்துவராவிட்டால், வகுப்பிலேயே வேறு வேலை கொடுக்கச் சொல்லலாம்.

அந்த வேறு வேலை என்ன என்பதில்தான் பெரும்பாலான பள்ளிகள் தடுமாறுகின்றன. வேகமாக முடித்த பிள்ளைக்கு அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு கொடுக்கிறார்கள். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போல அது ஆகிவிடுகிறது. சில மாதங்களில் அந்தப் பிள்ளை வேண்டுமென்றே மெதுவாகப் போடக் கற்றுக்கொள்கிறது. இல்லாவிட்டால், மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று விடுகிறார்கள். எப்போதாவது என்றால் நல்லது, சொல்லிக்கொடுக்கும்போது தனக்கே தெளியும். தினமும் அதுதான் வேலை என்றால் அவள் படிப்பது எப்போது?

ஒரு உதாரணம் தருகிறேன், இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கிலக்க எண், 3524 என்று வைத்துக்கொள்வோம். அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதினால் 5432, ஏறுவரிசையில் 2345. கழித்தால் 3087. இதையே மறுபடி செய்தால், 8730-லிருந்து 0378 போக 8352. இன்னொரு தடவை, 8532-லிருந்து 2358 போக 6174. அடுத்த தடவையும் 6174-தான் வரும். எந்த நான்கிலக்க எண்ணை எடுத்தாலும் ஏழு படிக்குள் அங்கேதான் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்த டி.ஆர். கப்ரேகர், மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். இதைச் செய்ய மூன்றாம் வகுப்புக் கழித்தல் போதும். ஆனால் ஏன் இப்படி வருகிறது, மூன்றிலக்க எண்ணில் என்ன நடக்கும், ஐந்திலக்கத்தில் இதேபோல ஒரே எண் வருமா என்று கேட்டால் உங்கள் மகள் ஒரு வாரம் உட்காருவாள். நோட்டில் பக்கம் பக்கமாகத் தப்பாகப் போடுவாள், அடிப்பாள், திரும்பப் போடுவாள். பள்ளிக் கணக்கில் இதுவரை அவளுக்குக் கிடைக்காத அனுபவம் அதுதான்.

தோற்றுப்போகிற அந்த நேரத்தில் வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பது முக்கியம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை நீ புத்திசாலி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் விதமான கணக்குகளையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கடினமானதில் சறுக்கிய பிறகு சுலபமானதிலும் சரிந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். விசேஷங்களுக்குப் போகும்போது இவள் கம்ப்யூட்டர் மாதிரி என்று சித்தப்பாவும் மாமாவும் பெருக்கல் கேட்டு விளையாடுவார்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள். விடையை விட்டுவிட்டு, எப்படி யோசித்தாய் என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது ரேங்க் வந்தால் அழுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் பதினைந்து வயது மூளை இருந்தாலும் அழுகைக்குப் பன்னிரண்டு வயதுதான். அவளை அந்த வயதுப் பிள்ளையாகவே நடத்துங்கள், விளையாட விடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வயதில் கெட்டிக்காரப் பெண்கள் தோழிகளோடு ஒட்டிக்கொள்ளத் தங்கள் திறமையை மறைக்கத் தொடங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கை தூக்குவதை அவள் நிறுத்தினால் அடங்கிவிட்டாள் என்று நிம்மதிப்படாதீர்கள்.

மற்ற பாடங்களின் மதிப்பெண் பற்றி உங்கள் வீட்டில் ராமானுஜன் பெயர் அடிபடுகிறது போலிருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால் அவருக்கு உதவித்தொகை போனது உண்மைதான். அந்தக் கதையில் நான் பெற்றோர்களுக்குக் காட்டுவது வேறொரு மனிதரை. 1912-இல் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். வேலை முடிந்த பிறகு இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். பள்ளியில் பிஜி அசிஸ்டெண்ட் ஒருவர், பக்கத்துக் கல்லூரியில் எம்எஸ்சி கணிதம் படிக்கும் பெண், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று யாராகவும் இருக்கலாம். வாரம் ஒரு மணி நேரம் போதும்.

உதவித்தொகைக்கும் மதிப்பெண் வேண்டும். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் அவள் எழுத வேண்டிய என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் கேட்கிறார்கள், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். இது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தனியார் சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். தமிழ்வழியில் படிக்கிறாள் என்றால், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தையும் கணக்கில் எடுங்கள். கட்டணம் கட்டிப் பள்ளி மாற்றுவதற்கு முன் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

போட்டி வேண்டும் என்றால், சென்னையில் உள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறிப் போட்டியில் ஏழு, எட்டாம் வகுப்புக்கென ஒரு பிரிவு உண்டு, அதற்குக் கப்ரேகர் பெயர்தான். எட்டாம் வகுப்பிலிருந்து கணித ஒலிம்பியாடின் முதல் படியான ஐஓக்யூஎம் எழுதலாம். பள்ளித் தேர்வில் நூறு வாங்கும் பிள்ளைகள் இதில் பாதிகூட எடுப்பது அரிது. முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கணக்கை வாயால் பிரமாதமாகச் சொல்கிற பிள்ளை, எழுதும்போதும் படிக்கும்போதும் மட்டும் வயதுக்கு மிகப் பின்தங்கினால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். கெட்டிக்காரத்தனம் அதைப் பல வருடம் மறைத்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்துப் பிழைகள் எப்படி இருக்கின்றன என்று அவள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் அடங்கும். சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

அவளுடைய அப்பாவிடம் கோச்சிங் அட்வான்ஸைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்தை இப்போதே நடத்தி வாரம் ஒரு ரேங்க் லிஸ்ட் ஒட்டும் வகுப்பில் போட்டால், ஒன்பதாவதில் அதே பாடத்தை இரண்டாம் தடவை கேட்டு இன்னும் சலித்துப்போவாள். கணக்கில் ஆசை உள்ள பிள்ளைக்கு ஐஐடி ஒன்றே கதவும் இல்லை. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் தனி நுழைவுத் தேர்வு வைத்து இளநிலைப் படிப்புக்கு ஆள் எடுக்கிறது, இந்தியப் புள்ளியியல் கழகமும் அப்படியே. பத்தாம் வகுப்பு முடிந்து, ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதுகிறேன் என்று அவளே கேட்டால், கோச்சிங் பற்றி அப்போது பேசுவோம். பதினொன்றில் தொடங்கினாலும் அவளைப் போன்ற பிள்ளைக்கு இரண்டு வருடம் போதிய காலம்தான்.